இன்னும் ஒரு வாரம் லா பாஸில்

'வில்லோ' படகு, லா பாஸ், மெக்சிகோ
அக்டோபர் 6, 1991

அன்புள்ள மாரிட்,

படகில் எல்லோரும் சுகம். அஸ்டோரியா மழை உன்னையும் சில்வி பெரியம்மாவையும் இருமல் இல்லாமல் விட்டுவைத்திருக்கும் என்று நம்பி எழுத உட்கார்ந்தேன்.

நீ விமானம் ஏறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சின்ன வயதிலிருந்து இந்தப் படகின் சாப்பாட்டு மேசையில் என்னிடம் பாடம் படித்தவள், இப்போது ஒரு வகுப்பறையில் முப்பது பேரோடு உட்கார்ந்திருக்கிறாய். பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகளா? உண்மையைச் சொல், தாங்கிக்கொள்வேன்.

விமான நிலையத்தில் நீ கேட்டுக்கொண்டதை மறக்கவில்லை. "எப்ப திரும்பி வருவே, எப்ப திரும்பி வருவேன்னு லெட்டருக்கு லெட்டர் கேக்காதேம்மா. சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன். இந்த வருஷம் முடிந்ததும் நீ படகுக்குத் திரும்புவாயா, அங்கேயே தங்கிவிடுவாயா என்ற கேள்வி இந்தக் கடிதத்தில் இல்லை. எந்தக் கடிதத்திலும் இருக்காது. அப்பாவிடமும் பியாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

முட்டைகள் கெடாமல் இருக்கத் திருப்பிவைக்கும் வேலை இப்போது பியாவுடையது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும் என்றால் கேட்பதில்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. "முட்டைக்குத் தலை சுத்தும்டி" என்றார் அப்பா. "சுத்தட்டும். கெட்டுப்போறதுக்கு அது தேவலை" என்கிறாள். எட்டு வயதுக்கு வாய் அதிகம்.

உன் படுக்கையில் வெங்காய மூட்டையும் பழைய பாய்மரத் துணியும் கிடக்கின்றன. கோபித்துக்கொள்ளாதே. காலி இடத்தைக் கண்டால் படகுக்குப் பொறுக்காது என்று உனக்குத் தெரியும்.

புயல் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நவம்பர் பிறந்ததும் நங்கூரத்தை எடுத்துவிட்டு, வழக்கம்போல் குளிர்காலத்துக்குத் தெற்கே மன்சனியோவுக்குப் போகிறோம். இந்தக் கடிதத்தை 'ஹார்மனி' படகு பெர்னீஸ் எடுத்து வருகிறாள். மகளைப் பார்க்க உங்கள் ஊர்ப் பக்கம் விமானத்தில் போகிறாளாம்; நங்கூரத் துறையில் உள்ளவர்களின் கடிதமெல்லாம் அவள் பைக்குள்தான்.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

உன் அம்மா


அஸ்டோரியா, ஓரிகன்
அக்டோபர் 29, 1991

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். பெரியம்மாவும் நன்றாக இருக்கிறாள், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே வலிக்கிறதாம். நீங்கள் எல்லோரும் எப்படி?

உன் கேள்விக்குப் பதில்: கணக்கு வாத்தியார் உன்னைவிடப் பொறுமை. மற்றவர்கள் உன்னைப் போலத்தான்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "படகுலயா இருந்தே? ஏன், வீடு எரிஞ்சுபோச்சா?" முதலில் விளக்கிச் சொன்னேன். இப்போது "ஆமா" என்று சொல்லிவிடுகிறேன். நேரம் மிச்சம்.

பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். குளிக்கும்போது குழாயைத் திறந்து, நனைந்து, மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறக்கிறேன். கதவுக்கு வெளியே நின்று, "என்னடி, தண்ணி நின்னுபோச்சா?" என்று கத்தினாள். கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டியை நான் வாசலிலேயே காலி செய்ததையும் பார்த்துவிட்டாள். "கரப்பான் முட்டை ஒட்டிக்கிட்டு வரும் பெரியம்மா" என்றேன். "இந்தக் குளிருக்குக் கரப்பான் வந்தா அதுக்குக் கோட்டு நான் வாங்கித் தர்றேன்" என்றாள்.

கட்டில் அசையவே மாட்டேன் என்கிறது. காற்று அடித்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். எதிர்வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

ஜோலீன் என்று ஒரு பெண் மதியம் என்னோடு சாப்பிடுகிறாள். அவள் அப்பா ஆற்றில் வழிகாட்டிப் படகு ஓட்டுகிறார். அதனால் வீடு எரிந்ததா என்று கேட்கவில்லை.

மன்சனியோ விலாசத்துக்குத்தான் இதை அனுப்புவதாக இருந்தேன். பெர்னீஸ் போன் செய்து, "எங்கிட்டயே குடு, நான் திரும்பிப் போறப்ப அவங்க லா பாஸ்லதான் இருப்பாங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்?

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்கும் பியாவுக்கும் முத்தம்.

மாரிட்


லா பாஸ்
நவம்பர் 21, 1991

அன்புள்ள மாரிட்,

எல்லோரும் சௌக்கியம். பெரியம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். எனக்குப் பதிலாக அதை நீயே செய்தால் இன்னும் நல்லது.

ஆமாம், இன்னும் லா பாஸில்தான். எஞ்சினில் தண்ணீர் பம்பு தகராறு. பாகம் வர வேண்டும். இன்னும் ஒரு வாரம்.

துறைமுக அலுவலகத்தில்தான் மானம் போயிற்று. கிளம்புகிறோம் என்று போன மாதமே முத்திரை வாங்கி, காற்று சரியில்லை என்று திரும்பக் கொடுத்திருந்தோம். இந்த மாதமும் வாங்கினோம். நேற்று அப்பாவும் நானும் மறுபடி போய் நின்றோம். அதிகாரி தோன் எலீசியோ மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன சென்யோரா, நீங்க போன வாரமே கிளம்பிட்டீங்களே?"

"கிளம்பல."

"அதான் தெரியுதே. இந்த ஜன்னல்ல இருந்து உங்க பாய்மரம் தெரியுது."

"பம்பு ரிப்பேர்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"போன தடவை காத்து. இந்தத் தடவை பம்பு. அடுத்த தடவைக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கீங்களா, இல்ல எல்லாத்தையும் செலவு பண்ணிட்டீங்களா?"

வரிசையில் நின்ற மீனவர்கள்கூடச் சிரித்தார்கள்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. நீரோட்டம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம் இழுக்க, நங்கூரத்தில் நிற்கும் படகுகள் ஆளுக்கொரு திசையில் சுற்றுகின்றன. நேற்று 'ஹார்மனி'யின் பின்புறம் எங்கள் சமையலறை ஜன்னல்வரை வந்துவிட்டது. பெர்னீஸ் உப்புக் கேட்டாள், கையை நீட்டிக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் கரைப் பக்கம் போய்விட்டாள்.

ஒரு நல்ல செய்தி. பெர்னீஸுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஓரிகனில் ரேடியோ வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று காலை நம் ரேடியோவைப் பெரியம்மா வீட்டுப் போனோடு இணைத்துத் தருவாராம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல மறக்காதே. நாற்பது படகும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்காதே.

ஜோலீனைப் பற்றி இன்னும் எழுது. காற்றடித்தால் எழுந்து போகாதே. வீடுகள் நகராது.

அம்மா


லா பாஸ்
டிசம்பர் 27, 1991

அன்புள்ள மாரிட்,

பண்டிகைச் சாப்பாட்டை ஜீரணித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உன் குரல் கொஞ்சம் கட்டியிருந்தது போலப் பட்டது. சளியா? ரேடியோவா?

கிறிஸ்துமஸ் அன்று உன்னோடு பேசியதில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா மீன் பிடித்த கதையைச் சொல்லி உன் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டார். பியா விழுந்த பல்லைப் பற்றிச் சொன்னாள். விலை சொல்லிப் பொருள் விற்கக் கூடாதென்று இங்கே ரேடியோவில் எல்லோரும் தேங்காய்க் கணக்கில் பேசுகிறார்கள் அல்லவா? அதைக் கேட்டுக் கேட்டு, "ஒரு பல் இருக்கு, ரெண்டு தேங்காய்" என்று நேற்றுக் காலை அறிவித்துவிட்டாள். மதியத்துக்குள் மூன்று பேர் தேங்காயோடு வந்தார்கள்.

என் முறையில் அலைவரிசை கெட்டுவிட்டது. கடைசியில் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. முக்கியமாக ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பெர்னீஸ் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள், கையில் எலுமிச்சை கேக்.

"நாங்க யாரும் ரேடியோவே போடல எல்னா. பண்டிகை நாளாச்சே" என்றாள்.

"அப்ப கேக் எதுக்கு?"

"சும்மாதான்."

'கேட்' படகிலிருந்து இன்னொரு கேக். அந்தப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஒரு பாட்டில். நாற்பது படகும் ரேடியோ போடாத பண்டிகை நாளுக்கு இவ்வளவு வரவு.

பம்பு சரியாகிவிட்டது. வாடை தணிய வேண்டும். இன்னும் ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள்.

மிளகுப் பால் குடி.

அம்மா


அஸ்டோரியா
ஜனவரி 9, 1992

அன்புள்ள அம்மா,

சளி இல்லை. பெரியம்மாவுக்குத்தான் சளி, அவள் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடம் வாங்கிக்கொண்டு வந்தாளாம். அங்கே எல்லோரும் நலம்தானே?

அம்மா, அலைவரிசை கெடவில்லை.

நான் சமையலறையில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். "மாரிட், உன்கிட்ட ஒண்ணு" என்றாய். அதோடு நின்றுவிட்டாய். ஆனால் நீ மைக் பட்டனை விடவில்லை. விடாததால் யாராலும் குறுக்கே பேச முடியவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது. நீ மூச்சு விடுவது கேட்டது. அடுப்பில் கெட்டில் கொதித்தது. பாய்மரத்தில் கயிறு தட்டும் சத்தம்கூடக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம். அப்புறம் தூரத்தில் பியா, "அம்மா, பட்டனை விடும்மா!" என்று கத்தினாள். நீ விட்ட பிறகு அந்தப் பெரியவர், "வில்லோ, நீங்க முடிச்சாச்சுன்னு எடுத்துக்கலாமா?" என்றார். நேரம் முடிந்துவிட்டது.

பெரியம்மா, "என்னடி சொன்னா?" என்று கேட்டாள். "தெரியல, இன்னும் ஓவர் சொல்லல" என்றேன்.

என்ன சொல்ல வந்தாய்?

இன்னொரு விஷயம். அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு இங்கே படிக்கிறேனா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். பிப்ரவரிக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறேன். அதனால் கேட்கிறேன். என்ன சொல்லட்டும்?

ஜோலீன் எனக்கு ஐஸில் சறுக்கக் கற்றுக்கொடுத்தாள். விழுந்து விழுந்து முழங்கை நீலம். படகில் இருந்தபோது இவ்வளவு விழுந்ததில்லை.

சீக்கிரம் எழுது.

மாரிட்


லா பாஸ்
ஜனவரி 31, 1992

அன்புள்ள மாரிட்,

நாங்கள் நலம். பெரியம்மாவின் சளி போயிருக்கும். உன் முழங்கை? ஐஸில் விழுந்ததற்கு ஐஸே வைக்கலாமா, தெரியவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். இது உன் வாழ்க்கை, உன் முடிவு. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் அப்பாவுக்கும் எனக்கும் சந்தோஷம்தான். எங்களை நினைத்து எதையும் செய்யாதே. நன்றாக யோசித்து, உனக்கு எது நல்லதோ அதைச் சொல்.

ரேடியோவில் என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது நினைவில்லை. பியாவின் பல்லைப் பற்றியாக இருக்கும்.

போன வாரம் விரிகுடாவுக்குத் திமிங்கலச் சுறா வந்தது. உன் அப்பா நீரில் குதித்து அதன் பக்கத்திலேயே நீந்தினார். ஏறி வந்தபோது பல் தந்தியடித்தது. "என்ன பாத்தீங்க?" என்று பியா கேட்டாள். "புள்ளி" என்றார். "அப்புறம்?" "இன்னும் புள்ளி." அவ்வளவு பெரியதாம்.

பியாவுக்கு இன்னொரு பல் ஆடுகிறது, வலிக்கிறது என்கிறாள். ஊரில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றிருக்கிறோம். இன்னும் ஒரு வாரம்.

குளிரில் காதை மூடிக்கொள்.

அம்மா


லா பாஸ்
பிப்ரவரி 24, 1992

அன்புள்ள மாரிட்,

நீயும் பெரியம்மாவும் சுகமா? நாங்கள் சுகம்.

போன வாரம் வடக்கேயிருந்து இரண்டு பேர் கடிதப் பையோடு வந்தார்கள். இரண்டிலும் 'வில்லோ'வுக்கு ஒன்றும் இல்லை. பரீட்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெர்னீஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மாவில் வண்டு விழுந்து, சலித்து வெயிலில் வைத்தேன். காற்று தெற்கே திரும்புகிறது. அடுத்த வாரம் கிளம்பலாம்.

இரண்டு வரி போதும். உடம்பு சரியில்லையென்றால் பெரியம்மாவை எழுதச் சொல்.

அம்மா


'வில்லோ'
பிப்ரவரி 25, 1992

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? நான் நன்றாக இருக்கிறேன். இது கட்டுரைப் பாடம். ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும், நான் உனக்கு எழுதுகிறேன். முடித்துவிட்டு அம்மாவிடம் காட்டாமல் பெர்னீஸிடம் கொடுத்துவிடுவேன். அம்மாவுக்கு வேறு ஒன்று எழுதிக் காட்டுவேன்.

எனக்குப் பல் வலிக்கவில்லை. ஆடுகிறது, அவ்வளவுதான். எஞ்சினும் நன்றாக இருக்கிறது. அப்பா தினமும் ஓட்டிப் பார்க்கிறார். காற்றும் நல்ல காற்றுதான். 'கேட்' படகு போய்விட்டது, அதில் இருந்த என் தோழியும் போய்விட்டாள்.

நாங்கள் போகாததற்குக் காரணம் டெலிபோன் கடை. அது லா பாஸில்தான் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அம்மா அங்கே போவாள். நானும் போவேன். எனக்கு மாம்பழ ஐஸ் வாங்கித் தருவாள். பெஞ்சில் உட்காருவோம். உனக்குப் போன் போட முறை வந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும், "வேற யாரையாவது விடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

அப்பா அம்மாவிடம், "எல்னா, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுடு" என்றார்.

அம்மா, "சத்தியம் பண்ணியிருக்கேன் ராஸ்" என்றாள்.

அப்பா, "அப்ப நான் கேக்கறேன்" என்றார்.

அம்மா, "கேட்டீங்கன்னா இந்தப் படகுல உங்களுக்குச் சோறு கிடையாது" என்றாள்.

அதனால் நானும் கேட்கவில்லை. எனக்குச் சோறு வேண்டும்.

கட்டுரை முடிந்தது.

இப்படிக்கு,
பியா


அஸ்டோரியா
மார்ச் 8, 1992

அன்புள்ள அம்மா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். அதனால்தான் எழுதவில்லை. உன் கடிதமும் பியா கடிதமும் ஒரே நாளில் வந்தன. (பியாவைத் திட்டாதே. திட்டினால் நான் இனி எழுதவே மாட்டேன்.)

ஜனவரியில் நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ திமிங்கலச் சுறாவைப் பற்றி எழுதினாய்.

உன் கடிதத்தையெல்லாம் எடுத்து வைத்துத் தேடினேன். முட்டை இருக்கிறது, பம்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது. நான் வேண்டும் என்று ஒரு வரி இல்லை. என் படுக்கையில் வெங்காயம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சந்தோஷம் என்று எழுதினாய். வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று படித்துக்கொண்டேன். வேறு எப்படிப் படிப்பது? கிறிஸ்துமஸ் அன்று பட்டனை விடாமல் இருந்தாயே, அப்போது கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டுப் பார்த்தால் பியா பல் என்கிறாய்.

பெரியம்மாவிடம் அழுதேன். அவள் எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். "அவ அப்படித்தான்டி. ஒரு சத்தியம் பண்ணிட்டா வீடு பத்திக்கிட்டாலும் அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. சின்ன வயசுல சக்கரையே தொடமாட்டேன்னு சொல்லிட்டு ஒரு வருஷம் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிச்சா" என்றாள். அழுகையிலும் சிரித்துவிட்டேன். அதில் ஒரு பக்கம் முடி குட்டையாகிவிட்டது.

விமான நிலையத்தில் ஏன் அப்படிக் கேட்டேன் தெரியுமா? நீ கேட்டால் அப்பவே சரி என்று சொல்லிவிடுவேன், விமானமே ஏறமாட்டேன் என்று பயம். அந்த நாளுக்காகச் சொன்னதை நீ வருஷம் முழுக்க வைத்துக்கொண்டாய்.

பள்ளிக்கூடத்தில் ஏப்ரல் வரை தவணை வாங்கியிருக்கிறேன்.

சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். கேளு அம்மா.

மாரிட்


லா பாஸ்
மார்ச் 18, 1992

மாரிட்,

நாங்கள் நலமா என்று அப்புறம் சொல்கிறேன்.

வந்துவிடு.

பள்ளி முடிந்ததும் ஜூனில் வா, வந்து எங்களோடேயே இரு. உனக்கு எது நல்லது என்று நான் யோசிக்கவில்லை. உன் படிப்பு, உன் எதிர்காலம், ஒரு புத்திசாலித் தாய் நினைக்க வேண்டியது எதையும் நினைக்கவில்லை. எனக்கு நீ வேண்டும். சாப்பிட உட்காரும்போது நான்கு தட்டு எடுக்கிறேன். ஒன்றைத் திரும்ப வைக்கும்போது அப்பாவும் பியாவும் ஜன்னலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்கள். நீ யாரோடாவது சிரிக்கிறாய் என்று படித்தால் சந்தோஷமாக இருக்கிறது, உடனே அந்த ஜோலீனைப் பிடிக்காமல் போகிறது. இதுதான் உன் அம்மா. நீ நினைக்கும் அளவுக்கு நல்லவள் இல்லை.

சத்தியத்தைக் காப்பாற்றுவதுதான் உனக்குத் தரும் மரியாதை என்று இருந்தேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. என்னைப் போல் பெருந்தன்மையான தாய் உண்டா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேட்டு நீ மாட்டேன் என்றால் என்ன செய்வது என்ற பயம் அதற்கு அடியில் இருந்தது. அதை எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

பம்பு அக்டோபரிலேயே சரியாக இருந்தது.

இப்போது கேட்கிறேன். வருகிறாயா?

இதை எழுதும்போது அப்பா பின்னால் நின்று படித்தார். "தேதி போட்டியா?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாங்கள் நலம். பியாவைத் திட்டவில்லை.

அம்மா


அஸ்டோரியா
மார்ச் 30, 1992

அன்புள்ள அம்மா,

நான் நலம். முடி ஒரு பக்கம் இன்னும் குட்டைதான். பெரியம்மா மற்ற பக்கத்தையும் குட்டையாக்குகிறேன் என்கிறாள், கத்தரியைக் கண்டாலே ஓடுகிறேன்.

உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், அடுத்த வருஷமும் இங்கேதான் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரவில்லை அம்மா.

ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை வருகிறேன். அதற்கு மேல் இல்லை.

உன் கடிதத்துக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்கு வழியே இல்லை. யாரும் கூப்பிடாத இடத்துக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நீ கூப்பிட்டாய். இப்போது என்னால் சொல்ல முடிகிறது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் சொல்லிவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். எனக்கு எத்தனை தோழிகள் இருந்தார்கள், நினைத்துப் பார். எல்லோரும் ஒரு நாள் காலை ரேடியோவில் 'நாங்கள் கிளம்புகிறோம்' என்று சொல்லிப் போனவர்கள். இல்லாவிட்டால் நாம் கிளம்பினோம். சண்டை போட்டுக்கொள்ளக்கூட நேரம் இருந்ததில்லை. போன வாரம் ஜோலீனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. நாலு நாள் பேசவில்லை. ஐந்தாவது நாள் அவள் அதே பெஞ்சில் இருந்தாள். அவள் எங்கேயும் போகவில்லை, நானும் போகவில்லை. எனக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷம் எனக்கு அது வேண்டும்.

ஜோலீனைப் பிடிக்காமல் போகிறது என்று நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "உங்கம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள்.

நீங்கள் இப்போது கிளம்பலாம், அம்மா. இனி டெலிபோன் கடை பெஞ்சில் உட்கார வேண்டாம். கடிதம் வரும்.

எல்லோருக்கும் முத்தம். பியாவுக்கு இரண்டு.

மாரிட்


'வில்லோ', அகுவா வெர்தே
ஏப்ரல் 16, 1992

அன்புள்ள மாரிட்,

எல்லோரும் சௌக்கியம், கொஞ்சம் வெயிலில் கருத்திருக்கிறோம். உன் முடியையும் பெரியம்மாவின் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் வந்த அன்று அதை மடித்து வைத்துவிட்டு மதியம் முழுவதும் சட்டி துலக்கினேன். சுத்தமாக இருந்த சட்டிகளையும் துலக்கினேன். மாலையில் அப்பா, "என்ன சொல்றா?" என்றார். "வரமாட்டாளாம்" என்றேன். சொன்னதும், நான் பயந்த அந்தச் சொல் இவ்வளவுதானா என்றிருந்தது. நாலு நாள் சண்டையைப் பற்றி நீ எழுதியதை அப்பா சத்தமாகப் படித்தார். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன்.

குளிர்காலம்தான் முடிந்துவிட்டதே, இனி மன்சனியோ வேண்டாம், வடக்கே போகலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் துறைமுக அலுவலகம். தோன் எலீசியோ முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, "சென்யோரா, மையை வீணாக்கலாமா?" என்றார். "வீணாக்குங்க" என்றேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

காலை எட்டு மணிக்கு ரேடியோவில் சொன்னேன். பெர்னீஸ், "வில்லோ, சரியா காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். நன்றாக விழுந்திருக்கும், தெரியும். "வடக்கே கிளம்பறோம், ஓவர்" என்றேன். நாலைந்து படகில் ஹாரன் அடித்தார்கள்.

நங்கூரச் சங்கிலி முழுக்கச் சிப்பியும் பாசியும். அப்பா கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஏற்றினார். "எல்னா, நாம நங்கூரம் போட்டிருந்தோமா, தோட்டம் போட்டிருந்தோமா?" என்றார். இரண்டு மணி நேரம் பிடித்தது. அடிப்பகுதியும் பாசியாகியிருந்ததால் படகு நத்தை மாதிரித்தான் நகர்ந்தது. ஆனாலும் நகர்ந்தது. பாய் நிரம்பியபோது பியா ஓடிப் போய்ப் படகின் முன்முனையில் நின்று கத்தினாள். அது என்ன சொல் என்று புரியவில்லை, சொல்லாகவே இல்லாமலும் இருக்கலாம்.

இங்கே கரையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி விற்கிறார்கள். தெற்கே போகும் ஒரு படகு இந்தக் கடிதத்தை லா பாஸுக்கு எடுத்துப் போகிறது.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சத்தியத்தை நீ திருப்பி எடுத்துக்கொண்டாய். அதனால் இனி எல்லாக் கடிதத்திலும் கேட்பேன். பதில் தெரிந்தும் கேட்பேன். நீயும் சலிக்காமல் மாட்டேன் என்று எழுது. அதற்கு நான் வருத்தப்படுவேன். பிறகு சமைக்கப் போவேன். இது ஒன்றும் ஆபத்தில்லை என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்டுக்குப் பிறகும் எங்களோடு இருந்துவிடுகிறாயா, மாரிட்?

பதிலை லொரேத்தோ தபால் நிலையத்துக்கு அனுப்பு. நாங்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. உன் 'மாட்டேன்' எங்களுக்கு முன்னால் போய்க் காத்திருக்கட்டும். அதை வாங்கிக்கொள்ள வந்துகொண்டிருக்கிறோம்.

உன் அம்மா